இயல்பா இருங்க!

"ஆம்பளைங்க அஞ்சு பேரும் வந்து இறங்கிட்டாங்க சார். பொண்ணுங்கதான்..." என்று இழுத்தார் கேமராமேன்.

"பொண்ணுங்கதான்?"

"வரல."

"எத்தனை பேர் வரல?"

"யாராவது வந்திருந்தா மிச்சத்தை எண்ணலாம் சார்."

பம்பரம் நின்ற இடத்திலேயே ஒரு சுற்று சுற்றி நின்றார்.

பம்பரம் என்பது பெற்றவர்கள் வைத்த பெயரல்ல. தொலைக்காட்சி நிலையத்தில் அவர் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. நின்றபடி சாப்பிடுவார், நடந்தபடி பேசுவார். அவருடைய அறையில் இருந்த நாற்காலிக்குக் கடையில் சுற்றிக் கொடுத்த பிளாஸ்டிக் உறையே இன்னும் பிரிக்கப்படவில்லை. யாரோ ஒரு மகராசன் 'பம்பரம்' என்று வைத்தான், ஒட்டிக்கொண்டது. இப்போது அவரே போனை எடுத்தால் "பம்பரம் பேசறேன்" என்றுதான் சொல்கிறார்.

பதினைந்து வருஷம் அவர் தொடர் நாடகங்கள் எடுத்தவர். அதில் யார் எப்போது அழ வேண்டும், எந்தக் கண்ணில் முதலில் நீர் வர வேண்டும் என்பதுவரை எழுதி வைத்திருப்பார். ஆனால் காலம் மாறிவிட்டது. சேனல் தலைவர் ஒருநாள் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்: "எழுதிக் குடுத்த கண்ணீரைப் பாத்துப் பாத்து ஜனங்களுக்கு சலிச்சுப் போச்சுய்யா. இனிமே எழுதாததுதான் வேணும்."

அப்படிப் பிறந்ததுதான் 'எழுதாத ஜோடிகள்'. ஏரிக்கரையில் ஒரு பெரிய பங்களா. கல்யாணமாகாத ஐந்து ஆண்கள், ஐந்து பெண்கள். வசனம் கிடையாது, ஒத்திகை கிடையாது. சேர்ந்து இருக்க வேண்டும், பேச வேண்டும், பழக வேண்டும். மூலைக்கு மூலை கேமரா பார்த்துக்கொண்டிருக்கும். கடைசி நாள் நேரடி ஒளிபரப்பில், யாருக்கு யாரைப் பிடித்திருக்கிறதோ அவர் கையைப் பிடித்துக்கொண்டு மேடையேற வேண்டும்.

"ஒரு ஜோடியாவது மேடையில நிக்கணும்" என்றார் தலைவர். "இல்லேன்னா காலங்காத்தால வருதே மூட்டுவலி டாக்டர் நிகழ்ச்சி, அதை நீதான் எடுக்கணும். ஆமா, நீ யாரையாவது காதலிச்சிருக்கியா?"

"நேரம் கிடைக்கல சார்."

"சரி விடு. சமைக்கத் தெரியாதவன்தான் ஹோட்டல் நடத்தறான்."

இப்போது ஹோட்டல் இருந்தது, அரிசிதான் இல்லை. பெண்களைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்த ஏஜென்ட்டை பம்பரம் போனில் பிடித்தார்.

"கோவிச்சுக்காதீங்க சார், ஒரு சோப்பு விளம்பரம் வந்துச்சு. வெளிநாட்டுல ஷூட்டிங். அஞ்சு பேரும் காலையில பிளைட் ஏறிட்டாங்க."

"அப்ப என் காதல்?"

"காதல் எங்க சார் போயிடப் போகுது? சோப்புதான் கரைஞ்சு போயிடும்."

பம்பரம் பங்களா வாசலில் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். ஜிம் மாஸ்டர், லிஃப்ட் மெக்கானிக், பாட்டுக்காரர் என்று ஐந்து ஆண்களும் பெட்டியோடு வரிசையாக நின்று, அவர் போகும் பக்கமெல்லாம் தலையைத் திருப்பினார்கள். முன்னால் நின்ற ஜிம் மாஸ்டர், "சார், நாங்க எங்களுக்குள்ளயே பழகவா?" என்று கேட்டுவிட்டார்.

அந்த நேரத்தில்தான் பம்பரத்துக்கு அக்காவின் ஞாபகம் வந்தது.

அக்கா அழகு நிலையம் நடத்துகிறாள். பெண்கள் புழங்கும் இடம். நாலு பேரைத் தெரியாமலா இருக்கும்?

"அக்கா, எனக்கு அவசரமா பொண்ணு வேணும்."

மறுமுனையில் ஓடிக்கொண்டிருந்த ஹேர் டிரையர் சட்டென்று நின்றது.

"என்னடா சொன்ன?"

"அஞ்சு பொண்ணு வேணும்கா. கல்யாணமாகாதவங்களா, நாலு வார்த்தை தைரியமா பேசறவங்களா இருக்கணும். பொண்ணில்லாம என் ஷோ நிக்குது."

"ஓ, ஷோவுக்கா..." அக்காவின் குரல் இறங்கியது. பிறகு என்ன நினைத்தாளோ, மறுபடி ஏறியது. "நீ அங்கயேதானே இருப்ப?"

"நான் இல்லாம யாரு? பொழுதன்னைக்கும் நான்தான் கூடவே நின்னு மேய்க்கணும்."

"அப்ப கவலைய விடு. நாளைக்குக் காலையில வந்து நிப்பாங்க."

சொன்னபடியே வந்து நின்றார்கள். ஒரு பல் டாக்டர், ஒரு கணக்கு டீச்சர், ஒரு டிசைனர், ஒரு நர்ஸ், ஒரு நீச்சல் கோச். ஐந்து பேரும் நல்ல படிப்பு, நல்ல வேலை, நிதானமான பேச்சு. வேனிலிருந்து இறங்கியவர்கள் வரிசையாக நின்ற ஆண்களுக்கு ஒரு வணக்கம் வைத்துவிட்டு, நேரே பம்பரத்திடம் வந்தார்கள்.

"நீங்கதானா சார்?" என்றார் பல் டாக்டர்.

"நானேதான். உள்ள போங்க, எதையும் யோசிக்காதீங்க, இயல்பா இருங்க!"

அன்று சாயங்காலம் கேமராக்கள் ஓட ஆரம்பித்தன. பக்கத்து அறையில் வரிசையாக டிவி திரைகள். பம்பரம் எல்லாத் திரைக்கும் முன்னால் ஒரே நேரத்தில் நிற்கப் பார்த்தார்.

ஜிம் மாஸ்டர் தொண்டையைச் செருமிக்கொண்டு பல் டாக்டர் பக்கம் திரும்பினார். "உங்க சிரிப்பு ரொம்ப நல்லா இருக்குங்க."

"ஆகா!" என்று பம்பரம் கேமராமேன் தோளைப் பிடித்தார். "நெருங்கிப் போ, முகத்துக்கு நெருங்கிப் போ!"

பல் டாக்டரின் முகம் திரை முழுக்க மலர்ந்தது. "தேங்க்ஸ் அண்ணா" என்றார்.

பம்பரம் தலையில் கை வைத்துக்கொண்டார். உடைந்த பானையைக்கூட ஒட்டிவிடலாம். அண்ணா என்று சொல்லிவிட்ட வாயை என்ன செய்வது? ஒன்றோடு நிற்கவுமில்லை. ஐந்து பெண்களும் ஆளுக்கு ஐந்து அண்ணன்களைத் தத்தெடுத்துவிட்டார்கள்.

மறுநாள் காலை உத்தரவு போட்டார். "இந்த வீட்டுல இனிமே யாரும் அண்ணான்னு சொல்லக் கூடாது!"

கணக்கு டீச்சர் லிஃப்ட் மெக்கானிக்கைத் 'தம்பி' என்றார். அதற்கும் தடை. 'சார்' என்றார்கள், தடை. பிறகு என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியாமல் யாரும் யாரையும் கூப்பிடவில்லை. சாப்பாட்டு மேஜையில் உப்பு வேண்டுமென்றால் விரலை நீட்டினார்கள். தண்ணீர் வேண்டுமென்றால் டம்ளரைத் தட்டினார்கள்.

"சார், இப்ப ஷோ பேரு 'பேசாத ஜோடிகள்' ஆயிடுச்சு" என்றார் கேமராமேன்.

பம்பரம் விடுவதாக இல்லை. பெண்களுக்குக் கூச்சம், தனியாக உட்கார வைத்துப் பேச்சுக் கொடுத்தால் மனசில் இருப்பது வந்துவிடும் என்று முடிவு செய்தார். ஒரு சின்ன அறையில் சோபா போட்டு, கேமராவுக்குப் பின்னால் தானே நின்று கேள்வி கேட்டார்.

"சொல்லுங்க டாக்டர், வாழ்க்கைத் துணை எப்படி இருக்கணும்னு நினைக்கறீங்க?"

"முதல்ல நீங்க சொல்லுங்க சார். வேலை முடிஞ்சு வீட்டுக்கு எப்ப போவீங்க?"

"வேலை முடிஞ்சாதானே போறதுக்கு! நம்ம கேள்விக்கு வாங்க."

டீச்சர் வந்தார். "கோபம் வந்தா எவ்வளவு நேரம் சார் இருக்கும் உங்களுக்கு?"

"அடுத்த கோபம் வர்ற வரைக்கும். இப்ப நீங்க மெக்கானிக்கைப் பத்திச் சொல்லுங்க."

"எந்த மெக்கானிக்?"

டிசைனர் அவர் சட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். "பட்டன் மாத்திப் போட்டிருக்கீங்க சார்" என்றார் கடைசியில். அதுதான் அன்றைக்குக் கிடைத்த உருப்படியான ஒரே வாக்கியம்.

மத்தியானம் அக்காவின் போன். இப்போதெல்லாம் வேளைக்கொரு தடவை வந்தது.

"பொண்ணுங்க எப்படிடா?"

"தங்கமான பொண்ணுங்கதான்கா. ஆனா கவனமெல்லாம் வேற எங்கயோ இருக்கு."

"யாரு நல்லா இருக்கா? சும்மா சொல்லு."

"பல் டாக்டர் முகம் லைட்டுக்கு நல்லா எடுப்பா இருக்கு. டீச்சருக்குக் குரல் அருமை."

"டாக்டரா, டீச்சரா? ஒண்ணைச் சொல்லு."

"ஒண்ணை வச்சு நான் என்ன பண்றது? எனக்கு அஞ்சும் வேணும்கா!" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தார். அக்கா மறுபடி கூப்பிட்டபோது அவர் மாடிப்படியில் ஓடிக்கொண்டிருந்தார்.

தூர நின்று மாடு மேய்க்க முடியாது என்று அவருக்குத் தோன்றிவிட்டது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு பங்களாவுக்குள்ளேயே குடியேறினார். கேமரா கண்ணில் படாமல் ஒதுங்கி நின்று, நடக்க வேண்டியதைத் தானே நடத்திவைப்பது என்று திட்டம்.

அன்றே வீடு கலகலவென்று ஆனது. பெண்கள் நல்ல உடுப்பு உடுத்தினார்கள். சிரித்தார்கள். பாட்டுக்கூட கேட்டது.

"பாத்தீங்களா?" என்றார் பம்பரம் பெருமையாக.

"பாத்தேன் சார்" என்றார் கேமராமேன். "ஆனா நீங்க எந்தப் பக்கம் நிக்கறீங்களோ அந்தப் பக்கம்தான் எல்லாரும் திரும்பி உட்கார்றாங்க. எனக்கு முதுகுதான் கிடைக்குது."

பல் டாக்டர் டீ போட்டுக் கொண்டுவந்து முதலில் பம்பரத்திடம் நீட்டினார். பம்பரம் நின்றபடி ஒரே மடக்கில் குடித்தார்.

"பிரமாதம். இதையே அப்படியே கொண்டு போய் ஜிம் மாஸ்டர்கிட்ட குடுங்க. குடுக்கும்போது கண்ணு மெதுவா மேல போகணும்."

"வசனம், ஒத்திகை எதுவும் கிடையாதுன்னு சொன்னாங்களே சார்?"

"கிடையவே கிடையாது. நீங்க இயல்பா குடுங்க. ஆனா நான் சொல்றப்ப குடுங்க."

டாக்டர் கொண்டுபோய்க் கொடுத்தார். "இல்ல, நிழல் விழுது, இன்னொரு தடவை." மறுபடி டீ போட்டுக் கொடுத்தார். "கண்ணு சீக்கிரம் போயிடுச்சு. இன்னும் கொஞ்சம் இயல்பா!" ஜிம் மாஸ்டர் டீ குடித்துக் குடித்து முகம் வெளுத்துப் போனார். அவருக்கு டீயே ஆகாது. ஆனாலும் டாக்டருக்காகக் குடித்துக்கொண்டிருந்தார். டாக்டர் தட்டை மேஜைமேல் வைத்த சத்தம் கொஞ்சம் பலமாகவே கேட்டது.

டீச்சர் செஸ் பலகையைக் கொண்டுவந்தார். "ஒரு ஆட்டம் ஆடலாமா சார்? கொஞ்ச நேரம் உட்கார்ந்த மாதிரியும் இருக்கும்."

பம்பரம் நின்றபடியே வெள்ளைக்காயை ஒன்று நகர்த்தினார். டீச்சர் யோசிப்பதற்குள் கறுப்பையும் அவரே நகர்த்தினார். "நீங்க இதைத்தானே வைக்கப் போறீங்க? சரி, மிச்சத்தை மெக்கானிக்கோட ஆடுங்க" என்று சொல்லிவிட்டு, சன்னல் திரையைச் சரிசெய்யப் போய்விட்டார்.

நர்ஸும் பாட்டுக்காரரும் படிக்கட்டில் ஏதோ பேசிச் சிரித்தபோது பம்பரம் குறுக்கே போய் நின்றார். "என்ன சொல்லிச் சிரிச்சீங்க? அதை இங்க வெளிச்சத்துல வந்து சொல்லிச் சிரிங்க." வெளிச்சத்தில் வந்ததும் இருவருக்கும் சிரிப்பு மறந்துவிட்டது. வெண்ணெய் திரளும்போதெல்லாம் தாழியை உடைப்பது யார் என்று வீட்டில் எல்லாருக்கும் தெரிந்திருந்தது, உடைத்தவரைத் தவிர.

கடைசி நாள் நெருங்கியது. தலைவர் போனில் கேட்டார்: "எத்தனை ஜோடி தேறும்?"

"பேச்சுவார்த்தை நடந்துட்டிருக்கு சார்."

"இது என்ன தொழிற்சங்கமா? மூட்டுவலி டாக்டர் உன் நம்பரைக் கேட்டாரு. குடுத்துட்டேன்."

அந்த வேகத்தில்தான் பம்பரம் மழையை வரவழைத்தார்.

ஏரிக்கரையில் ஒரு தண்ணீர் லாரி. மரத்துக்கு மேலே குழாய்கள். ஐந்து ஆண்களும் புல்வெளியில் உலாவ வேண்டும். திடீரென்று மழை கொட்டும். வாசலில் நிற்கும் பெண்கள் ஆளுக்கொரு குடையோடு ஓட வேண்டும். யார் குடைக்குள் யார் ஒதுங்குகிறார்களோ, அதுதான் ஜோடி.

"யாரு யாருக்குக் குடை பிடிக்கணும் சார்?" என்று கேட்டார் நீச்சல் கோச்.

"அதை நான் சொல்ல மாட்டேன். உங்க மனசு சொல்லும்!"

கையை அசைத்தார். மழை கொட்டியது. ஐந்து குடைகள் விரிந்தன. பெண்கள் ஓடிவந்தார்கள். ஆண்கள் ஆவலோடு கையை நீட்டினார்கள். பெண்கள் ஆண்களைத் தாண்டி ஓடினார்கள்.

ஐந்து குடைகளும் பம்பரத்தின் தலைக்கு மேல் வந்து நின்றன.

"நனையறீங்களே சார்!" என்றார் நர்ஸ்.

"எனக்கு எதுக்கு? நான் படத்துலயே கிடையாது! அங்க பிடிங்க, அங்க!" என்று பம்பரம் கத்தினார். ஐந்து குடைகளின் கம்பிகளும் ஒன்றோடொன்று மாட்டிக்கொண்டன. ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள். அந்த இழுபறியில் கணக்கு டீச்சர் சேற்றில் வழுக்கி, ஏரிச் சரிவில் இரண்டு முறை புரண்டு விழுந்தார்.

"ஐயோ!" என்று அலறிக்கொண்டு பம்பரம் பாய்ந்தார்.

மற்ற நான்கு பெண்களும் அந்தப் பாய்ச்சலைப் பார்த்தார்கள். நர்ஸ் நெஞ்சில் கைவைத்தார். டீச்சரும் விழுந்த இடத்திலிருந்து ஒரு கையை அவரை நோக்கி நீட்டினார்.

பம்பரம் அந்தக் கைக்கு மேலாகத் தாண்டிக் குதித்து, அதற்குப் பின்னால் மழையில் நனைந்துகொண்டிருந்த கேமராவைக் கட்டிக்கொண்டார். "நனையுதே! யாராவது துணி கொண்டு வாங்க!"

டீச்சரின் கை அப்படியே நின்றது. லிஃப்ட் மெக்கானிக் சரிவில் இறங்கி வந்தார்.

"பயப்படாதீங்க. ஆளைப் பத்திரமா மேல கொண்டு வர்றதுதான் என் தொழிலே" என்று அந்தக் கையைப் பிடித்துத் தூக்கினார்.

டீச்சர் வலியிலும் சிரித்துவிட்டார்.

கேமராவைத் துடைத்து முடித்த பம்பரம் அவரிடம் வந்தார். "அடி ஒண்ணும் இல்லையே? நல்லது. இன்னொரு தடவை விழ முடியுமா? நான் குறுக்க வந்துட்டேன்."

டீச்சர் அவரை நிதானமாகப் பார்த்தார். எத்தனை தடவை போட்டாலும் தப்பாகவே வரும் ஒரு கணக்கை அழித்துவிட்டு அடுத்ததற்குப் போகிறவர் மாதிரி, திரும்பி மெக்கானிக்கின் தோளைப் பிடித்துக்கொண்டு நொண்டி நொண்டி உள்ளே போனார்.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் பம்பரத்தால் நம்ப முடியவில்லை. மறுநாள் காலையிலேயே பல் டாக்டர் ஜிம் மாஸ்டருக்கு டீக்குப் பதிலாக எலுமிச்சைச் சாறு பிழிந்து கொடுத்தார். கண்ணும் மெதுவாகவே மேலே போனது. டீச்சரும் மெக்கானிக்கும் செஸ் பலகையை நடுவில் வைத்துக்கொண்டு காய்களைத் தொடாமல் பேசினார்கள். படிக்கட்டில் சிரிப்புச் சத்தம் ஓயவில்லை. யார் வாயிலும் அண்ணா வரவில்லை.

"மழை வேலை செய்யுது, பாத்தீங்களா?" என்றார் பம்பரம்.

"மழைதானா சார்?" என்று கேட்டுவிட்டு, கேமராமேன் சுத்தமாகவே இருந்த லென்ஸை மூன்றாம் முறையாகத் துடைத்தார்.

பம்பரம் உள்ளே போனால் பேச்சு நின்றது. வெளியே வந்தால் தொடர்ந்தது. ஒரு சாயங்காலம் ஏரிக்கரையில் நின்றபடி சன்னல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு சன்னலிலும் இரண்டிரண்டு தலைகள். எல்லாம் நினைத்தபடி நடக்கிறது. ஆனாலும் என்னவோ குறைந்தது. வெகுநேரம் யோசித்த பிறகுதான் புரிந்தது, இரண்டு நாளாக யாரும் தனக்கு டீ கொண்டுவரவில்லை. 'வேலை மும்முரம்' என்று சொல்லிக்கொண்டு மறுபடி நடக்கத் தொடங்கினார்.

கடைசி நாள் மேடையில் ஒரு ஜோடி அல்ல, ஐந்து ஜோடிகளும் ஏறின. கைதட்டல் அடங்கவே இல்லை. தலைவர் ஓடிவந்து பம்பரத்தைக் கட்டிப்பிடித்தார். "அஞ்சுக்கு அஞ்சு! எப்படிய்யா பண்ணின?"

"ஒண்ணும் பண்ணல சார். இயல்பா இருக்க விட்டேன்."

மேடையிலிருந்து இறங்கிய பல் டாக்டர் அவர் முன்னால் நின்றார். "ரொம்ப நன்றி சார். நீங்க மட்டும் இல்லேன்னா நான் இவரைத் திரும்பிக்கூட பாத்திருக்க மாட்டேன்."

"எனக்கும் அப்படித்தான் சார்" என்றார் டீச்சர். "உங்களைப் பக்கத்துல இருந்து பாத்ததுக்கு அப்புறம்தான் எனக்கு ஒரு தெளிவே வந்துச்சு."

பதினைந்து வருஷ வேலையில் பம்பரத்திடம் யாரும் இப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. மேடைக்குப் பின்னால் போய் அக்காவைக் கூப்பிட்டார். போனை எடுத்ததும் அக்கா விசும்பும் சத்தம்தான் கேட்டது.

"டிவியில பாத்தியாக்கா? ஆனந்தக் கண்ணீரா?"

விசும்பல் கூடியது.

"அழாதக்கா. எல்லாம் உன்னாலதான். அடுத்த வருஷமும் ஷோ உண்டுன்னு தலைவர் சொல்லிட்டாரு. மறுபடியும் நீதான் அஞ்சு பொண்ணு அனுப்பணும்."

அக்கா ஓவென்று அழுதாள். போன் கைமாறும் சத்தம் கேட்டது. வருஷத்துக்கு நாலு வார்த்தைக்கு மேல் பேசாத அக்கா புருஷன் தொண்டையைக் கனைத்தார்.

"இனிமே எங்க போய்த் தேடறது மாப்ளே? உனக்காக இத்தனை வருஷமா சலிச்சுப் பாத்து வச்சிருந்த அஞ்சு வரனையும், ஒருத்திக்காவது உன்னைப் பாத்துப் பிடிச்சுப் போயிடாதான்னு உங்கக்கா மொத்தமா அனுப்பி வச்சா. பாத்துட்டு அஞ்சு பேரும் வேற இடத்துல முடிச்சுக்கிட்டாங்களே!"